ஆறாம் வரிசை எண்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்குத் தெளிவான விதி ஒன்று உண்டு. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சேர்ந்து உண்டு வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்தால் இரண்டு குடும்பம். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் பத்து வருஷமாக அதே சோற்றைச் சாப்பிட்டு வந்தால் அவரும் சேர்த்தி. பணியில் இருந்தபோது இரண்டு கணக்கெடுப்புகளுக்கு மேற்பார்வையாளராக இருந்திருக்கிறேன். வீடு வீடாகப் போக வேண்டிய பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பில் இந்த விதியை நான்தான் விளக்குவேன். யாராவது எழுந்து, "மாடம், அவர் தம்மில் மிண்டாட்டமில்லெங்கிலோ?" என்று மலையாளத்தில் கேட்பார். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அடுப்பு ஒன்றென்றால் குடும்பம் ஒன்று, எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள் என்பேன்.

சென்ற ஓணத்தின்போது போனக்காட்டுத் தேயிலைச் சரிவில், காலை பத்து மணிக்கு, இந்த விதி எனக்குப் பொருந்தாமல் போனது. எப்படிப் போனது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், கரமனையில். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர். அதன்பிறகு நாங்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. இப்போது வீட்டில் மூன்று பேர். அண்ணன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் மனைவியை நான் மயினி என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மூன்றாவது நான், அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதில் கதை ஒன்றும் இல்லை. இருக்கும் என்று நினைத்துக் கேட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். காலைப் பலகாரம் என் பொறுப்பு, மதியச் சாப்பாடு மயினி, இரவு யாருக்கு முழங்கால் வலி குறைவோ அவர்.

அண்ணனுக்கு ஒரே மகள், எனக்கு மருமகள். அவள் பிறந்த பிறகு மயினிக்கு ஒன்றரை வருஷம் உடம்பு தேறவில்லை. குழந்தை என் அறையில்தான் வளர்ந்தது. பிற்பாடு மயினி எழுந்து நடமாடிய பிறகும் குழந்தை அந்த அறையை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கையில் பாதுகாவலர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் பன்னிரண்டு வருஷமும் என் கையெழுத்துத்தான். இப்போது அவள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். கணவன், எட்டு வயதில் ஒரு பெண். இரண்டு ஓணத்துக்கு ஒருமுறை வருவார்கள்.

முன்னறைச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நான்கு படங்கள் தொங்குகின்றன, ஒன்று அப்பா அம்மாவுடையது. அண்ணன் கல்யாணப் படத்தில் நான் இல்லை. நகைப்பெட்டி இருந்த அறைக்கு வெளியே சாவியோடு உட்கார்ந்திருந்தேன். மருமகள் கல்யாணப் படத்திலும் இல்லை. மண்டபத்துக்காரரோடு பாத்திரப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி காதுகுத்துப் படத்தில், இடது ஓரத்தில், குழந்தையின் தலையைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிகிறது. அது முழங்கை வரைக்கும் நான். வீட்டில் எந்தக் காரியம் நடந்தாலும் நடத்துகிறவள் நான் என்பதால் இப்படி ஆகிப்போனது. யார் மீதும் குறை சொன்னதில்லை. ஆனால் அறுபத்தேழு வயதில் ஒரு ஆசை இருந்தது. ஒரு முறையாவது முகத்தோடு அந்தச் சுவரில் ஏற வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனி மாதக் கடைசியில் மருமகளிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அத்தே, இந்தத் தடவை ஓணத்துக்கு நாம ஒரு ஃபேமிலி ஷூட் பண்ணப்போறோம். போனக்காட்டுல. ஃபோட்டோகிராஃபரெல்லாம் புக் பண்ணியாச்சு. எல்லாருக்கும் சேர்ந்து போற மாதிரி டிரெஸ் வேணும். அது நீங்கதான் அத்தே பாக்கணும். அம்மாவ விட்டா எல்லாருக்கும் மெரூன் எடுத்துருவா."

மயினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மெரூனுக்கு என்ன கொறச்சல்?" என்றாள்.

செய்தியோடு புகைப்படக்காரர் அனுப்பிய படம் ஒன்றும் வந்தது. மூன்று வட்டங்கள்: பால் வெள்ளை, வாழைக்குருத்துப் பச்சை, கடுகு மஞ்சள். கீழே நிபந்தனைகள். பெரிய பூப்போட்ட துணி கூடாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. ஜரிகை கூடவே கூடாது; வெளிச்சம் பட்டால் படத்தில் பளபளவென்று கோடு விழும். எனக்கு அந்தத் தாள் பிடித்துப்போயிற்று. இத்தனை தெளிவாக நிபந்தனை எழுதுகிறவரை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷத்தில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஓணத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஜரிகை இல்லாத துணி தேடிப் பாருங்கள். வெள்ளைத் துணி என்றால் கசவுதான், தங்கக் கரைதான். வேறு எதையும் அந்த இரண்டு மாதம் கடைக்காரர்கள் வெளியே எடுப்பதில்லை. பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் விற்பனைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓணத்தினு கசவில்லாத்த துணியோ? வீட்டில் மரணம் வல்லதும் உண்டாயோ, சேச்சி?"

"இல்ல மோளே, ஃபோட்டோ எடுக்கானாணு."

"ஃபோட்டோ எடுக்கானெங்கில் கசவல்லே வேண்டது?"

அவளுக்கு நிபந்தனைத் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு உள்ளே போய், கதவிடுக்கில் எங்கோ கிடந்த ஒரு கட்டைத் தூக்கிவந்தாள். பச்சையில் நான்கு தினுசு இருந்தது. குழல்விளக்கின் கீழே நான்கும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் ஒன்று நீலமாகிவிடும், ஒன்று சாணி நிறமாகும். ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நாலாவது தடவை நான் எழுந்தபோது அந்தப் பெண் கல்லாவில் இருந்தவரைப் பார்த்து, "சாறே, சேச்சி வெயிலினெக்கூடி பேக் செய்து தரான் பறயும்" என்றாள். நான் வெயிலையும் கட்டித் தரச் சொல்வேனாம். கடையே சிரித்தது. நானும்தான்.

அப்படி ஐந்து நடை. துணியில் ஒரு விரல் அகலம் வெட்டி வாங்கி, தாளில் குண்டூசியால் குத்தி, பக்கத்தில் கடை, விலை, சாயம் போகுமா என்று நீரில் நனைத்துப் பார்த்ததன் முடிவு எல்லாம் எழுதினேன். பிறகு ஒரு படிவம் தயாரித்தேன். வரிசை எண், நபர், உறவு, உடை, நிறம், அளவு, குறிப்பு. ஒன்று அண்ணன்: பச்சைச் சட்டை, வெள்ளை வேட்டி. இரண்டு மயினி: வெள்ளைச் சேலை, பச்சைக் கரை. மூன்று மருமகள்: கடுகு நிறச் சேலை. நான்கு மருமகளின் கணவர்: வெள்ளைக் குர்த்தா. ஐந்து குழந்தை: பச்சைப் பாவாடை, கடுகு நிறச் சட்டை. ஆறு நான்: வெள்ளைச் சேலை, கடுகு நிறக் கரை. வரைவு தயாரிக்கிறவர் தன் பெயரைக் கடைசியில் போடுவது மரபு.

படிவத்தை மருமகளுக்கு அனுப்பி, ஒப்புதல் தரக் கேட்டேன். ஒரு கட்டை விரல் வந்தது. அதோடு "சூப்பர் அத்தே" என்றும் வந்தது.

கட்டை விரல் ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் என்றால் எதற்கு என்று குறிப்பிட்டு, தேதி போட்டு, கையெழுத்திட வேண்டும். கீழே வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேருடைய கோப்புகளை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னுடைய கோப்பை அனுப்பவில்லை.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அந்த இரண்டு மாதத்தில் நடந்த சில சின்ன விஷயங்கள் தனியாக எழுந்து நிற்கின்றன. ஒரு நாள் என் சேலையின் கரையும் மருமகள் சேலையும் ஒரே கடுகா என்று பார்க்க இரண்டையும் மாடிக் கொடியில் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மேலே வந்தார். முழங்கால் வலியோடு அவர் மாடி ஏறுவதே அபூர்வம்.

"ஏட்டி, உனக்கு என்னத்துக்குப் புதுசு? உங்கிட்ட இல்லாத சேலையா?" என்றார்.

"ஆறு பேரும் சேர்ந்து நிக்கும்போது ஒண்ணு மட்டும் தனியா அடிக்கும்லா, அண்ணே."

அவர் கொடியைப் பிடித்துக்கொண்டார். "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்றார். பண்ணி நான்கு நாள் ஆகிறது என்றேன். இறங்கிப் போனார்.

இன்னொரு நாள் தையல்காரியின் வீட்டுக்கு ரவிக்கை அளவு கொடுக்கக் கிளம்பியபோது மயினி சொன்னாள், "அண்ணன் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு, கேட்டியா?" நான் திரும்பி வந்து கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுமில்ல, வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா" என்றார். அவர் வெற்றிலை போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. விசாரணை செய்ய வேண்டிய இடம் அது. நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருமகள் குடும்பம் வந்து சேர்ந்தது. எல்லாருடைய உடையும் அளவு சரியாக இருந்தது. குழந்தை பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்னறையில் சுற்றி, "வலிய அத்தே, இது கறங்கும்போ குடை மாதிரி ஆகுது" என்றது. மருமகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தே இல்லேன்னா இந்த வீட்டுல ஒண்ணும் நடக்காது" என்றாள். சொன்னது உண்மைதான்.

அதிகாலையில் வாடகை வண்டியில் கிளம்பினோம். நெடுமங்காடு தாண்டி வித்துராவில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். ஓட்டல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பார்ட்டியாணோ? பெண்ணெவிடே?" என்றார். அண்ணன் என்னைப் பார்க்காமல் கடலையைப் பார்த்தார்.

காட்டுச் சாவடியில் பெயர் எழுத வேண்டும். ஆறு பேருடைய அடையாள அட்டைகளையும் நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு உறையில் வைத்திருந்தேன். அங்கிருந்த காவலர், "இத்ரயொன்னும் வேண்டா அம்மா, எண்ணம் பறஞ்ஞால் மதி" என்றார். ஆறு என்றேன். அவர் வண்டிக்குள் எட்டிப்பார்த்து விரலால் எண்ணி, பதிவேட்டில் குடும்பம், ஆறு பேர் என்று எழுதினார். அரசுப் பதிவேட்டில் அன்றைக்கு அதுதான் சரியான பதிவு.

புகைப்படக்காரர் எங்களுக்கு முன்பே போனக்காட்டுக்கு வந்து, தேயிலைச் சரிவுக்குக் கீழே கேமராவை நிறுத்தியிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பையன். உதவியாளர் காய்ச்சலில் வரவில்லை என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்டான். எங்கள் உடைகளைப் பார்த்ததும், "அம்போ, பெர்ஃபெக்ட். ஆரு செலக்ட் செய்தது?" என்று கேட்டான். மருமகள் என்னைக் காட்டினாள். எனக்குக் கன்னம் சூடாயிற்று. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அண்ணனுக்கும் குழந்தைக்கும் நடுவில் போய் நின்றேன். இரண்டு பச்சைக்கும் இடையே கடுகுக் கரை போட்ட வெள்ளை வந்தால் சரியாக இருக்கும் என்று வீட்டிலேயே வரைந்து பார்த்திருந்தேன்.

பையன் ஒரு தாளைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான்.

அதிகாரியின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கம் விரித்திருக்கும் கோப்பைத் தலைகீழாகப் படிப்பது, அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே எல்லாரும் கற்றுக்கொள்ளும் வித்தை. அவன் கையிலிருந்த தாளை நான் அப்படிப் படித்தேன். மூன்று தலைமுறை, ஐந்து பேர் என்று தலைப்பு. தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, குழந்தை. அதன்கீழே பதினெட்டு படங்களின் பட்டியல். கடைசி வரியில், நேரம் இருந்தால் ஒன்று, அத்தையோடு.

"ஆண்டி, ஃபர்ஸ்ட் இவருடே எடுக்காமே. ஆண்டி ஒந்நு இங்ஙோட்டு…" என்று அவன் கையால் ஓரத்தைக் காட்டினான்.

மருமகள் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள். "அத்தே, இது பாப்பாவோட ஆல்பத்துக்கு. தாத்தா, பாட்டி, அப்படி ஒரு லைன். உங்களோட கடைசில ஒண்ணு கண்டிப்பா எடுக்கலாம்." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அப்பா சொல்லலியா? நீங்க அந்த லிஸ்ட் அனுப்பின அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னேனே. நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்னாரே."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி முழுவதும் மூடுபனி கவிந்திருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மயினி தன் சேலையின் மடிப்பை எண்ணத் தொடங்கினாள்.

"இல்ல மக்களே, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மேலதிகாரியின் தவறை வெளியாட்கள் முன்னால் காட்டிக்கொடுக்காமல் தன் மேல் போட்டுக்கொள்வது பழகிய காரியம். நாக்கு அதுவாகவே அப்படி வரைந்துவிட்டது.

ஓரத்துக்குப் போனேன். ஐந்து நிமிஷத்தில் பையன் தயங்கித் தயங்கி வந்தான். வட்டமாக ஒரு வெள்ளித் தட்டுப் போன்ற விரிப்பு, துணிதான், மடக்கினால் பைக்குள் போகும். வெளிச்சத்தை முகத்தில் திருப்பி விடுவதற்கு. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. "ஆண்டிக்கு புத்திமுட்டாவுமோ?" என்றான். சிரமமா என்று கேட்கிறான். இல்லை என்று வாங்கிக்கொண்டேன்.

சும்மா நிற்பதைவிட அது மேலாக இருந்தது. எந்தக் கோணத்தில் பிடித்தால் மயினியின் கண்ணாடியில் பளிச்சிடாமல் கன்னத்தில் மட்டும் விழும் என்பது மூன்றாவது படத்துக்குள் பிடிபட்டுவிட்டது. அண்ணன் கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு நிழல் இருக்கும், அதை எடுத்துவிட்டேன். குழந்தையின் பாவாடை சுற்றும்போது பச்சை நன்றாக எழும்பியது. அந்தப் பச்சையை வெயிலில் பிடித்துப் பார்த்தவள் நான். அந்த ஐந்து பேரும் அத்தனை அழகாக இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் நிறத்தேர்வில் ஒரு பிழை இல்லை.

முதுகில் சாக்கோடு கீழ்ப்பாதையில் வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். தமிழில் கேட்டாள், "போட்டோ புடிக்க வந்தீகளா?"

"ஆமா."

"எல்லாரும் ஒரே சோடியா உடுத்தியிருக்கீக. பாத்தாலே ஒரே குடும்பம்னு தெரியுது." என் சேலைக் கரையைப் பார்த்தாள். "நீங்க போயி நிக்கலியா?"

"நான் வெளிச்சம் காட்டுறேன்."

"அதையும் யாராவது செய்யணும்ல" என்றாள். என் காலைப் பார்த்தாள். "அட்டை ஏறியிருக்கு பாருங்க."

கணுக்காலில் கருப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. அட்டைக்கு உப்பு வேண்டும் என்று ஆறு பேருக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பை வண்டியில் இருந்தது. விரிப்பைக் கீழே வைத்தால் வெளிச்சம் போய்விடும். நல்ல படம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணே குனிந்து, மடியிலிருந்த புகையிலையைத் தேய்த்து அதை விழவைத்துவிட்டுப் போனாள். என் சேலையின் கடுகுக் கரையில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்திருந்தது. அது ஒன்றைத் தவிர என் உடையால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இருந்திருக்காது.

பதினெட்டாவது படம் முடியும்போது மூடுபனி சரிவுக்கு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. "அத்தே வாங்க, வாங்க" என்று மருமகள் கையை நீட்டினாள். விரிப்பை மடக்கிவிட்டுப் போய் நின்றேன். இரண்டு பச்சைக்கும் இடையில் இல்லை; வலது கோடியில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், வெள்ளைக்கு வெள்ளையாக. நிபந்தனைக்கு விரோதம். பையன் இரண்டு முறை அழுத்திவிட்டு, "மதி, லைட் போயி" என்றான்.

திரும்பும் வழியில் குழந்தை என் மடியில் தூங்கிவந்தது.

அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பிறகு படங்கள் வந்தன. அத்தையோடு எடுத்தது அதில் இல்லை. பையனை அழைத்துக் கேட்டேன். மஞ்சில் எல்லாம் மங்கிவிட்டது, கொடுக்கிற தரத்தில் இல்லை என்பதால் அழித்துவிட்டேன் ஆண்டி, சாரி என்றான். அவன் மேல் தப்பில்லை. தரமில்லாததைக் கொடுக்கக் கூடாது என்பது நல்ல விதி. ஐந்து பேர் உள்ள படம் பெரிதாக, கான்வாஸ் துணியில் அச்சாகி வந்தது. அண்ணன் முன்னறைச் சுவரில் நான்கு படத்துக்கும் மேலே மாட்டச் சொன்னார். மாட்டியாயிற்று.

மருமகள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அவள் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். வழியில் ஒரு மேசையில் அது நின்றுபோனது. அந்த மேசைக்காரர் இரண்டு மாதம் நான் போட்ட இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டு, நான் எனக்கென்று கரை தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவிக்கை வெட்டுவதற்கு முன் ஒரு சொல் போதும். நான் ஐந்து பேருக்கும் உடுத்திவிட்டு, பழைய சேலையில் போய் ஓரத்தில் நின்றிருப்பேன். எப்போதும் செய்ததுதான்.

நேரில் கேட்டால் அண்ணன் கேஸ் புக் பண்ணியாச்சா என்பார். எனவே எழுதினேன். நீண்ட கடிதத்தில் பத்துக் கேள்வி இருந்தால் எளிதான இரண்டுக்குப் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரே கேள்வி இருந்தால் தப்ப முடியாது. அதனால் ஒன்றுதான் கேட்டேன். அந்தப் படத்தில் நான் இல்லை என்பது உங்களுக்கு எந்த நாளில் தெரியும், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை. கேள்வி ஒன்று, பிரிவு இரண்டு.

தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டுக்கு நான் நீட்டிய உறையைப் பார்த்த பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "மாடம், ஃப்ரமும் டூவும் ஒரே அட்ரஸ் ஆணல்லோ."

"அதே."

"ஒரே வீட்டிலேக்கோ?"

"நான் மேலே, அவர் கீழே. சட்டத்துல தடை உண்டா?"

"தடையொந்நுமில்ல." அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். "படி இறங்ஙியால் மதியாயிருந்நு. ஸ்டாம்பு லாபம்."

மறுநாள் தபால்காரர் வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். எனக்கல்ல, அவருக்கு என்று சொல்லி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் உறையில் என் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு முகவரியையும் பார்த்துச் சிரித்த தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று காலை ஆப்பம். வழக்கம்போல மூன்று சாப்பிட்டார்.

ஒரு மாதம் பொறுத்தேன். அவசரமில்லாத கடிதத்துக்கு அதுதான் நியாயமான அவகாசம். பிறகு முதல் நினைவூட்டல் அனுப்பினேன், அதே கேள்வி, அதே முறையில். தபால்காரர் இந்தமுறை சிரிக்கவில்லை. மயினி மட்டும் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "ஒரு போட்டோவுக்குப் போயி இப்படியா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சாம்பாருக்கு உப்பு போதுமா, மோட்டார் போட்டாச்சா, மழை வருமா என்பது போன்ற விஷயங்களில் மூன்று பேருக்கும் பேச்சு இருந்தது. கோப்பு மட்டும் நிலுவையில் இருந்தது.

பதில் தபாலில்தான் வந்தது. அண்ணன் கரமனை ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போய் அனுப்பியிருக்க வேண்டும். உறையில் ஒட்டிய தாளில் அனுப்பியவர், பெறுபவர் இரண்டு முகவரியும் ஒன்றுபோல இருந்தன. வங்கிக்காரர் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. மாடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன்.

"நீ படிவம் அனுப்பிய அன்றே பிள்ளை சொல்லிவிட்டாள். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். நீ ஒவ்வொரு துணியாக வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு நாளும் சந்தோஷமாக வந்து சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்ல முடியவில்லை. அதோடு, தெரிந்து நீ விலகிக்கொண்டால் இந்த வேலையை வேறு யார் செய்வார்கள் என்றும் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. நீ பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நானும் உன் மயினியும் பேசிக்கொண்டோம். படத்தில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில்தானே இருக்கிறாய்."

கீழே கையெழுத்து இருந்தது; தேதி போட மறந்திருந்தார். கிடைத்த தேதியை, அலுவலகத்தில் வரும் தபாலுக்குப் போடுவதுபோல, நானே இடது மூலையில் பென்சிலால் எழுதி, சுருக்கொப்பம் வைத்தேன்: நவம்பர் பத்தொன்பது.